எஃப்ஜே40: கிடைத்திருப்பது எஃப் எஞ்சினா, 2எஃப் எஞ்சினா? மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தலவாக்கலை நாற்பது:

வணக்கம். வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40, 1971 மொடல், பழைய ஸ்ரீ நம்பர் பிளேட், ஸ்டியரிங் கம்பத்தில மூணு கியர். பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் எஃப் என்றுதான் தொடங்குது.

நிலைமை இதுதான். ஏத்தத்தில இழுவை இல்லை. நின்ற இடத்தில ஓட விட்டா எஞ்சின் உதறுது. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ரேடியேட்டருக்கு அரை லீட்டர் தண்ணி ஊத்தணும், ஆனா கீழே ஒரு சொட்டும் விழுறதில்லை. எஞ்சின் சூடா இருக்கிறப்போ ஆறு பிளக்கையும் கழட்டி, அக்சிலேட்டரை முழுசா அமுக்கி கம்ப்ரஷன் பார்த்தது: ஒன்று 108, இரண்டு 105, மூன்று 62, நாலு 60, ஐந்து 110, ஆறு 106 பி.எஸ்.ஐ.

நுவரெலியாப் பக்கம் ஒரு யார்டில ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று கிடக்கு. "2எஃப், அப்படியே உட்காரும்" என்று சொல்றாங்க. முழுக்க நீலப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. பக்கத்திலேயே ஒரு 2எச் டீசலும் இருக்கு. அது உண்மையிலேயே 2எஃப்தானா என்று ஹெட் கழட்டாம கண்டுபிடிக்க வழி இருக்கா? அப்படியே உட்காருமா? இல்லாட்டி டீசலுக்கே போயிடலாமா?

கம்பளை லேத்:

தம்பி, யார்டுக்குப் போறதுக்கு முன்னால உங்க இலக்கங்களை இன்னொரு தரம் பாருங்க. நாலு சிலிண்டர் 105க்கும் 110க்கும் இடையில நிக்குது. பக்கத்துப் பக்கத்தில இருக்கிற மூன்றும் நாலும் மட்டும் ஒரே அளவுக்கு விழுந்திருக்கு. எஞ்சின் தேய்ஞ்சா இப்படித் தேயாது. ரெண்டு சிலிண்டருக்கும் இடையில ஹெட் கேஸ்கட் எரிஞ்சு, ஒன்றின் காற்று மற்றதுக்குள்ள போற கோலம் இது. அந்த எரிஞ்ச இடம் தண்ணி ஓட்டை வரைக்கும் எட்டியிருந்தா, தண்ணி காணாமப் போறதுக்கும் அதுவே காரணம்.

உறுதிப்படுத்த, மூன்றாம், நாலாம் சிலிண்டருக்கு பிளக் துளை வழியா ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி கேஜ் வையுங்க. 90, 100 என்று ஏறினா ரிங் பழுது. அதே 60இல நின்னா கேஸ்கட் அல்லது வால்வு. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. தண்ணி சூடாகிறதுக்கு முன்னாலேயே தொடர்ந்து குமிழி வந்தா கேஸ்கட்தான்.

இன்னொன்று. புத்தகத்தில இருக்கிற கம்ப்ரஷன் அளவு கடல் மட்டத்துக்கு எழுதினது. தலவாக்கலை 1,200 மீட்டர் உயரத்தில இருக்கு. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. உங்க நல்ல நாலு சிலிண்டரின் சராசரி 107. அதைக் கொழும்பில எடுத்தா 122, 123 வரும். மலையில கேஜ் வச்சுப் பார்த்துட்டு "எஞ்சின் முடிஞ்சு போச்சு" என்று நல்ல எஞ்சினைக் கழட்டிப் போடுற வேலை நடக்குது. அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

எஃப், 2எஃப் விசயம். எஃப் 3,878 சி.சி., போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 90 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 101.6. 2எஃப் 4,230 சி.சி., போர் 94, ஸ்ட்ரோக் அதே 101.6. பின்னால வந்த 3எஃப் 3,955 சி.சி., போர் 94, ஸ்ட்ரோக் 95. ஆக எஃப்பையும் 2எஃப்பையும் ஸ்ட்ரோக் அளந்து பிரிக்க முடியாது, போர்தான் வித்தியாசம். மூன்றுக்குமே ஃபயரிங் ஓர்டர் (சிலிண்டர்கள் எரியிற ஒழுங்கு) 1-5-3-6-2-4, அதிலயும் ஒன்றும் தெரியாது.

நம்பர் புளொக்கின் வலது பக்கத்தில குத்தியிருக்கும். முன்னால எஃப் அல்லது 2எஃப் என்று வரும். பெயின்டைத் தின்னரில நனைச்சுத் துடைச்சு எடுங்க, கிரைண்டர் மட்டும் வைக்கவே வேணாம். வெளிச் சாடையில பார்க்கணும் என்றா ஒயில் ஃபில்டர். பழைய எஃப்பில ஃபில்டர் தனி டப்பாவா இருக்கும், ரெண்டு குழாய் போகும், ஒயிலில ஒரு பங்குதான் அதுக்குள்ளால ஓடும். 2எஃப்பில வலது பக்கம் திருகிப் போடுற ஃபில்டர், ஒயில் முழுக்க அதுக்குள்ளால வரும். ஆனா இந்த அடையாளத்தை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க. 1974 காலத்து எஃப் எஞ்சின்களில 2எஃப் சாமான் கலந்தே வந்திருக்கு. அதுக்குப் பிறகு ஐம்பது வருசத்தில யார் எதைக் கழட்டி எதில போட்டாங்க என்று யாருக்கும் தெரியாது.

ஹட்டன் கராஜ்:

கம்பளை அண்ணன் சொன்ன கேஸ்கட் கதைதான் எனக்கும் படுது. ஆனா யார்டு எஞ்சினை ஹெட் கழட்டாம அளக்க வழி இருக்கு. ஒயில் ஊத்தி அளக்கிறது. ஒரு சிலிண்டரில பிஸ்டன் தள்ளுற கொள்ளளவு எஃப்பில 646 மி.லீ., 2எஃப்பில 705 மி.லீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 60 மி.லீ., அளவுக் குவளையிலேயே தெரியும்.

செய்ற விதம். ரொக்கர் மூடியைக் கழட்டி, முதலாம் சிலிண்டரின் ரெண்டு ரொக்கரையும் முழுசா இளக்கி, புஷ் ரொட் ரெண்டையும் ஒதுக்கிடுங்க. இதை விட்டுட்டுச் செய்றவங்கதான் அதிகம், பிறகு கணக்கு வரலை என்பாங்க. பிஸ்டன் அடியில இருக்கிற நேரம் இன்லெட் அல்லது எக்ஸோஸ்ட் வால்வு ஒன்று கொஞ்சம் திறந்தேதான் இருக்கும், ஊத்துற ஒயில் மனிஃபோல்ட் பக்கம் ஓடிடும். புஷ் ரொட் இல்லாட்டி ரெண்டும் மூடியே இருக்கும்.

பிஸ்டனை அடிக்குக் கொண்டு போங்க. 90ஆம் நம்பர் கியர் ஒயிலை பிளக் துளை விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. ஒரு நிமிசம் பொறுத்துப் பாருங்க. மட்டம் கடகடவென்று இறங்கினா ரிங் வழியா சம்புக்கு (அடியில இருக்கிற ஒயில் தொட்டிக்கு) போகுது, அதுவே அந்த எஞ்சினைப் பத்தி ஒரு சேதி. நிலையா நின்னா, துளைக்குக் கீழே தகரத்தை வளைச்சுப் பிடிச்சு, ஃப்ளைவீலைக் கையால மெதுவா சுத்தி பிஸ்டனை டொப்புக்கு (ஆக மேல் நிலைக்கு) ஏத்துங்க. வழிஞ்சு வாற ஒயிலைப் பிடிச்சு அளங்க. உள்ளே மூலையில கொஞ்சம் காற்று தங்கினாலும் பரவாயில்லை, அது ரெண்டு நிலையிலயும் அங்கேயேதான் இருக்கும். ரெண்டு தரம் செய்யுங்க. கசிவால 10, 15 மி.லீ. குறையலாம். ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போர் போட்ட எஃப் என்றாலும் 661தான் வரும், 705க்குக் கிட்டப் போகாது.

ஒயில் உள்ளே இருக்கிறப்போ பிளக்கைப் போட்டுடாதீங்க, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் தொடாதீங்க. ஒயில் அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளைஞ்சிடும்.

வாங்குறப்போ பார்க்க வேண்டியது இன்னும் இருக்கு. சம்பைக் கழட்டச் சொல்லுங்க. நாலு மெயின் பெயரிங்தான் இந்த எஞ்சினுக்கு, அதில ஒரு மூடியையும் ஒரு பிக் எண்ட் (கொனெக்டிங் ரொட்டின் கீழ் முனை) மூடியையும் கழட்டிப் பாருங்க. நகம் சிக்குற கோடு ஜேர்னலில (கிராங்கில பெயரிங் ஓடுற முகத்தில) இருந்தா கிராங்கை அரைக்கணும். புளொக்கின் பக்கத்தில இருக்கிற வெல்ச் பிளக்கை (தண்ணி அறையை அடைக்கிற தகர மூடியை) சின்னச் சுத்தியலால தட்டுங்க, மண்ணில தட்டின மாதிரிச் சத்தம் வந்தா துரு தின்னுட்டுது. ஹெட் எதனுடையது என்றும் கேளுங்க. 2எஃப் ஹெட்டின் எரி அறை எஃப்பை விடச் சின்னது. எஃப் ஹெட்டை 2எஃப் புளொக்கில வச்சா கம்ப்ரஷன் விழுந்து, பெரிய எஞ்சின் போட்டும் ஏத்தம் ஏறாது.

பதுளை டீசல்:

2எச் பத்திச் சுருக்கமா. 3,980 சி.சி., போர் 91, ஸ்ட்ரோக் 102. நல்ல எஞ்சின், எனக்கு மிகவும் பிடிச்சது. ஆனா மூணு கியர் எஃப்ஜே40க்கு அது "எஞ்சின் மாற்றம்" இல்லை, வண்டியில பாதியை மாற்றுற வேலை. பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்க்கிற கூடு) வேற, அதோட நாலு கியர் பொக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், டேங்குக்குத் திரும்பிப் போற எண்ணெய்க் குழாய், ஹீட்டர் பிளக் வயரிங், பிரேக் பூஸ்டர் இருந்தா வெக்குயம் பம்ப். அந்த 2எச் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்றும் பாருங்க, 24 என்றா ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர் எல்லாம் உங்க வண்டிக்கு ஒத்து வராது. முழு எச்ஜே47 (2எச் டீசலோட வந்த லேண்ட் குரூசர்) ஒன்று உடைக்கக் கிடைச்சா யோசிங்க. தனி எஞ்சினை மட்டும் வாங்கிட்டு மிச்சத்தைக் கொழும்புப் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில துண்டு துண்டாத் தேடுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தலவாக்கலை நாற்பது:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி செய்தாச்சு.

என் வண்டி: மூன்றாம், நாலாம் சிலிண்டருக்கு ஒயில் விட்ட பிறகும் 63, 62தான். ரேடியேட்டரில குளிர் எஞ்சினிலேயே குமிழி வருது.

யார்டு எஞ்சின்: திருகுற ஃபில்டர்தான் இருக்கு. ஆனா ஒயில் அளந்தப்போ முதல் தரம் 638, ரெண்டாம் தரம் 640 மி.லீ. நம்பர் குத்தின இடத்தில துரு தின்னு, முன்னெழுத்து இருக்கிற இடம் தெரியலை, மிச்ச இலக்கம் தெரியுது.

ஹட்டன் கராஜ்:

640 என்றா அது எஃப். ஃபில்டர் எங்கேயிருந்து வந்தாலும் போர் 90தான். உங்ககிட்ட இருக்கிறதையே இன்னொரு தரம் வாங்கப் போறீங்க. விட்டுடுங்க.

பதுளை டீசல்:

நம்பர் முழுசாத் தெரியாத எஞ்சினை இலவசமாக் குடுத்தாலும் வண்டியில ஏத்தாதீங்க. எஞ்சின் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியணும். அந்த எஞ்சின் எங்கேயிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேணும்: வெளியில இருந்து வந்தது என்றா சுங்கத் தாள், உள்ளூர் வண்டியில இருந்தது என்றா அந்த வண்டியின் பதிவும் விற்றவரின் எழுத்தும். சி.சி.யோ எரிபொருளோ மாறினா அதையும் சேர்த்துத்தான் மாற்றணும். பதிவில ஒரு நம்பர், வண்டியில இன்னொரு நம்பர் என்று ஓடினா, விபத்து நேரம் இன்சூரன்ஸிலயும், விற்கிற நேரம் வாங்குறவரிடமும் மாட்டும். தாளைக் கையில வாங்கின பிறகுதான் காசு.

கம்பளை லேத்:

சரி, அப்போ ஹெட்டைக் கழட்டுவோம்.

எஞ்சின் நல்லா ஆறின பிறகு, ஓரத்து போல்ட்டில தொடங்கி நடுவுக்கு வாற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா இளக்குங்க. புஷ் ரொட்டுகளை எடுத்த ஒழுங்கிலேயே ஒரு அட்டையில 12 துளை போட்டுச் செருகி வையுங்க. மனிஃபோல்ட் கழட்டுறப்போ பொறுமை வேணும், பழைய ஸ்டட் முறிஞ்சா அதுக்கே ஒரு நாள் போகும். முதல் நாள் இரவே ஊறுற ஒயில் அடிச்சு விடுங்க.

கேஸ்கட்டை எடுத்ததும் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில பாருங்க, கறுப்பா எரிஞ்ச தடம் இருக்கும். பிறகு ஹெட்டின் முகத்திலயும் புளொக்கின் முகத்திலயும் நேர் கோல் வச்சு, நீளப்பாட்டுக்கும் குறுக்கு மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 0.15 மி.மீ. தாள் நுழைஞ்சா ஹெட் லேத்துக்குப் போகணும். ஹெட்டை மட்டும் பார்த்துட்டு புளொக்கை விடுறதுதான் கேஸ்கட் மூணு மாசத்தில மறுபடி எரியிறதுக்குக் காரணம். ரெண்டு சிலிண்டருக்கு இடையில நெருப்பு ஓடின இடத்தில புளொக்கிலயும் பள்ளம் விழும்.

ஹெட் கையில இருக்கிறப்போ எக்ஸோஸ்ட் வால்வு சீட்டுகளைப் பாருங்க. இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் 2002இல நின்னுது. இந்தக் காலத்து ஹெட்டுகள் ஈயத்தை நம்பிச் செய்தவை, சீட் மெதுவா உள்ளே அமிழும். வால்வு இடைவெளி தானாகவே குறைஞ்சுக்கிட்டே வந்தா அதுதான் அடையாளம். அமிழ்ந்திருந்தா எக்ஸோஸ்ட் பக்கம் ஆறுக்கும் கடின சீட் வளையம் இறுக்கச் சொல்லுங்க. இன்லெட்டுக்கு அவசியமில்லை.

போல்ட் துளைகளுக்குள்ள தண்ணியோ ஒயிலோ தங்கக் கூடாது, காற்று அடிச்சுக் காய வையுங்க. மரையில ஒரு சொட்டு ஒயில் மட்டும் தடவி, நடுவில தொடங்கி வெளியே போற ஒழுங்கில மூணு கட்டமா இறுக்குங்க: முதல் 50 இறாத்தல்-அடி, பிறகு 70, கடைசியில 90. மனிஃபோல்ட்டுக்கு ஒரு முறை இருக்கு. இன்லெட்டும் எக்ஸோஸ்ட்டும் சேர்ற போல்ட்டுகளை முதல்ல தளர்வா விட்டு, ரெண்டையும் ஹெட்டோட இறுக்கி, கடைசியில அந்தச் சேர்க்கைப் போல்ட்டுகளை இறுக்கணும். தலைகீழாச் செய்தா சூடேறுறப்போ எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் வெடிக்கும்.

வால்வு இடைவெளி சூட்டில இன்லெட் 0.20, எக்ஸோஸ்ட் 0.35 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டராச் சுத்தத் தேவையில்லை. முதலாம் பிஸ்டன் கம்ப்ரஷன் டொப்பில நிக்கிறப்போ 1இன் ரெண்டும், 2இன் இன்லெட், 3இன் எக்ஸோஸ்ட், 4இன் இன்லெட், 5இன் எக்ஸோஸ்ட். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுத்தினதும் 6இன் ரெண்டும், 2இன் எக்ஸோஸ்ட், 3இன் இன்லெட், 4இன் எக்ஸோஸ்ட், 5இன் இன்லெட். 1-5-3-6-2-4 ஓடுற எந்த ஆறு சிலிண்டருக்கும் இந்த ஒழுங்கு சரியா வரும். எதற்கும் குளிரில ஒரு தரம் வச்சு, வண்டியை ஓட்டிச் சூடாக்கினதும் மறுபடி பாருங்க.

மஸ்கெலியா எஃப்ஜே:

குறுக்கே வாறதுக்கு மன்னிக்கணும். என்னிடம் இருக்கிறது தாளோட வந்த உண்மையான 2எஃப். ஒயில் அளந்து 698 வந்தது. வண்டி மூணு கியர். கியர்பொக்ஸ் மாற்றாம இதைப் போடலாமா? எஞ்சினை எப்படி இறக்குறது நல்லது?

ஹட்டன் கராஜ்:

போடலாம். ஆனா முதல்ல ரெண்டு எஞ்சினையும் தரையில பக்கத்துப் பக்கத்தில வச்சு அளந்துட்டுத்தான்.

இறக்குற முறை: எஃப்ஜே40இல எஞ்சினின் பின் மவுண்டிங் பெல் ஹவுசிங்கில இருக்கு. கியர்பொக்ஸும் டிரான்ஸ்ஃபரும் (முன், பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரிக்கிற பெட்டி) அதுக்குப் பின்னால தொங்கிக்கிட்டு நிக்குது. ஆகவே பெல் ஹவுசிங்கை சேஸிலேயே விட்டுட்டு, புளொக்கை மட்டும் முன்னால இழுங்க. பொனட், ரேடியேட்டர், ஃபேன், ஸ்டார்ட்டர், கார்பிரேட்டர், எக்ஸோஸ்ட் குழாய் எல்லாம் வெளியே. கியர்பொக்ஸுக்குக் கீழே ஜெக் வச்சு மரக்கட்டை குடுங்க. எஞ்சின் கால் டன்னுக்கு மேல வரும். ஒரு டன் செயின் புளொக் வேணும், கூரைக் கம்பியில தொங்கப் போடாதீங்க. பெல் ஹவுசிங் போல்ட் எல்லாத்தையும் எடுத்தாச்சு என்று நினைக்கிறப்போ அடியில ஒன்று மிச்சம் இருக்கும், இழுத்துப் பார்க்கிறதுக்கு முன்னால எண்ணுங்க.

ஒப்பிட வேண்டியது: புளொக்கின் பின் முகத்தில போல்ட் துளைகளைத் தடித்த தாளில பதிவெடுத்து மற்றதில வச்சுப் பாருங்க. கிராங்க் முனையில ஃப்ளைவீல் போல்ட் எண்ணிக்கை, வட்டம். நடுவில இருக்கிற பைலட் பெயரிங்கின் உள் விட்டத்தையும் கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்ட் நுனியையும் வெர்னியரால அளங்க. தளர்வா இருந்தா கிளட்ச் நடுங்கும், இறுக்கமா இருந்தா கிளட்ச் மிதிச்சும் கியர் அரைக்கும். கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை உங்க இன்புட் ஷாஃப்ட்டோட ஒத்துப் போகணும். ஸ்டார்ட்டர் பல் ரிங் கியரோட சேரணும், அதனால ஃப்ளைவீலும் ஸ்டார்ட்டரும் ஒரே வண்டியில இருந்து வாறது நல்லது.

ஃப்ளைவீல் மாற்றினா டைமிங் அடையாளத்தைச் சரிபாருங்க. ஃப்ளைவீலில ஒரு சின்ன உருக்குக் குண்டு பதிச்சிருக்கும், அது டொப்புக்கு 7 பாகை முன்னால. தனியாக் கோடு ஒன்று இருக்கும், அதுதான் டொப். முதலாம் பிஸ்டனை உண்மையாவே டொப்பில நிறுத்தி, கோடு ஜன்னலில சரியா வருதா பாருங்க. வராட்டி அந்த அடையாளத்தை நம்பி டைமிங் லைட் பிடிக்கிறதில பிரயோசனம் இல்லை.

ஏத்துறப்போ எஞ்சின் பாரம் ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்ட்டில தொங்கக் கூடாது, கிளட்ச் பிளேட் நடு வளைஞ்சிடும். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றால பிளேட்டை நடுவில நிறுத்தி வச்சுட்டுச் செருகுங்க. புளொக்குக்கும் ஹவுசிங்குக்கும் இடையில கடைசி ஒரு சென்டிமீட்டர் கையால தள்ளியே சேரணும். போல்ட்டால இழுத்துச் சேர்க்கிற நிலை வந்தா எங்கேயோ இடிக்குது என்று அர்த்தம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால ஒயில் ஏத்துங்க. ஃபில்டரோட சேர்த்து 8 லீட்டர் கிட்டப் பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டினா கீழே ஒயில் பம்ப் தண்டின் வெட்டுத் தெரியும். நீள ஸ்க்ரூ ட்ரைவர் தண்டை ட்ரில்லில மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் சுழலுற பக்கமே சுத்துங்க. ரொக்கரில ஒயில் சொட்டுற வரைக்கும் விடாதீங்க. திரும்ப டிஸ்ட்ரிபியூட்டர் போடுறப்போ அந்த வெட்டு அதன் நாக்கோட பொருந்தணும். பொருந்தாம மேலே நிக்கிறதை கிளாம்ப் போல்ட்டால அமுக்கினா பம்ப் தண்டு போயிடும், ஒயில் பிரஷர் இல்லாம புது பெயரிங் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

நானுஓயா:

எஞ்சினைச் சரியாக்கின பிறகும் "இழுவை இல்லை" என்று சொல்றவங்களுக்காக. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட 17, 18 சதவீதம் குறைவு. பெற்றோல் எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும், அதை எந்த டியூனிங்காலும் திருப்ப முடியாது. ஆனா கார்பிரேட்டர் அதுக்கேற்பப் பெற்றோலைக் குறைக்காது. கலவை ஏறத்தாழ 10 சதவீதம் கெட்டியாகும். பிளக் கறுப்பு, புகைச் சோதனையில தோல்வி, பெற்றோல் செலவு எல்லாம் அதனால வாறது.

வண்டி மலையிலேயே ஓடுறது என்றா மெயின் ஜெட்டின் துளைப் பரப்பை 10 சதவீதம் குறைக்கணும், அதாவது விட்டத்தில 5 சதவீதம். 1.20 மி.மீ. ஜெட் இருந்தா 1.14. பழைய ஜெட்டை ஈயம் வச்சு அடைச்சுத் துளைக்கிற வேலை வேணாம், அளவு பார்த்து வேற ஜெட் வாங்குங்க. டைமிங்கை 7 பாகையில இருந்து இன்னும் 3, 4 பாகை முன்னால வைக்கலாம், மெல்லிய காற்றில எஞ்சின் தட்டாது. கொழும்புக்கு இறங்குறதுக்கு முன்னால ரெண்டையும் பழைய நிலைக்குக் கொண்டு வாங்க. சின்ன ஜெட்டும் முன்னால வச்ச டைமிங்கும் சேர்ந்தா, கீழே 92 பெற்றோலில வெயில் நேரம் பிஸ்டன் உருகவும் கூடும்.

ரேடியேட்டர் மூடியையும் சொல்லணும். நுவரெலியாவில மூடி இல்லாத தண்ணி 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் செத்துப் போனா, ராம்பொடை ஏத்தத்தில நல்ல எஞ்சினும் பொங்கும். கேஸ்கட் மாற்றுற அன்றைக்கே 0.9 என்று அழுத்தம் குறிச்ச மூடி ஒன்று புதுசா வாங்குங்க.

டிக்கோயா 109:

எங்க பக்கம் ஆறு சிலிண்டர் லேண்ட் ரோவர் 109 ஒன்று இருக்கு. யாரோ ரோவர் கார் எஞ்சின் போட்டதா ஒரு பேச்சு. இந்த ஒயில் முறை அதுக்கும் சரிவருமா?

கம்பளை லேத்:

வரும், ஆனா கணக்குத் தலைகீழ். லேண்ட் ரோவரின் 2.6 எஞ்சின் 2,625 சி.சி., போர் 77.8, ஸ்ட்ரோக் 92.1. ரோவர் பி5 காரின் 3 லீட்டர் 2,995 சி.சி., போர் அதே 77.8, ஸ்ட்ரோக் 105. டொயோட்டாவில போர் மாறிச்சு, இங்கே ஸ்ட்ரோக் மாறுது. ஹெட்டைக் கழட்டி போரை அளந்தா ஒன்றும் தெரியாது. ஒயில் அளந்தா 2.6க்கு 437, 3 லீட்டருக்கு 499 மி.லீ. கிட்ட வரணும்.

இந்த எஞ்சினில இன்லெட் வால்வு ஹெட்டில, எக்ஸோஸ்ட் வால்வு புளொக்கில. மேல் மூடியைத் திறந்தா இன்லெட் ரொக்கர் மட்டும்தான் தெரியும், எக்ஸோஸ்ட்டுக்குப் பக்க மூடி தனி. ஒயில் ஊத்துறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் இளக்கணும். அந்தப் பக்க மூடியைக் கழட்டக் கை நுழையிறது கஷ்டம் என்று எக்ஸோஸ்ட் இடைவெளியைப் பார்க்காமலே வருசக்கணக்கா ஓட்டுவாங்க, வால்வு எரியிறது அதாலதான். ஆறு சிலிண்டர் 109க்கு முன் பிரேக் 3 அங்குல அகலம், செர்வோவும் (பிரேக் பூஸ்டரும்) உண்டு. எப்போதாவது டீசல் போடுறதா இருந்தா, செர்வோவுக்கு வெக்குயம் பம்ப் இல்லாம ரோட்டில இறக்காதீங்க. நம்ம இறக்கங்களில அது உயிர் விசயம்.

தலவாக்கலை நாற்பது:

ஹெட் கழட்டியாச்சு. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில கேஸ்கட் ஒரு விரல் அகலத்துக்கு எரிஞ்சிருக்கு, பக்கத்துத் தண்ணி ஓட்டை வரைக்கும் தடம் போகுது. புளொக்கில 0.05 தாள்கூட நுழையலை. ஹெட்டில நடுவில 0.20 நுழைஞ்சுது, லேத்துக்குப் போயிருக்கு. எக்ஸோஸ்ட் சீட் ரெண்டு அமிழ்ந்திருக்கு, ஆறுக்கும் வளையம் போடச் சொல்லியாச்சு. சிலிண்டர் மேல் விளிம்பில நகத்துக்குப் படி தெரியலை.

கம்பளை லேத்:

படி தெரியலை என்றா போரைத் தொடவே வேணாம். ஹெட்டில எவ்வளவு எடுத்தாங்க என்று லேத்காரரிடம் கேட்டு எழுதி வையுங்க, அடுத்த தரம் கழட்டுறவருக்கு அது வேணும். பூட்டி ஓட்டின பிறகு, எஞ்சின் முழுசா ஆறினதும், ஒவ்வொரு போல்ட்டையும் கால் திருப்பு இளக்கி அதே ஒழுங்கில மறுபடி 90க்கு இறுக்குங்க. 500 கிலோமீட்டரில இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் அதுக்குப் பிறகு வால்வு இடைவெளி பார்க்கணும், ஹெட் கொஞ்சம் அமர்ந்தாலே அது குறைஞ்சிடும்.